ஜன்னல் திறந்ததும் கணக்கு இடிக்கிறதா? கிராஃபிக்ஸ் லைப்ரரியையும் விசாரியுங்கள்

சிங்கப்பூரில், சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு நகைக்கடை. அங்கே ஓடும் பில்லிங் நிரல் 32-பிட் காலத்தது. எழுதியவர் எப்போதோ ஊர் திரும்பிவிட்டார், பராமரிப்பு மட்டும் என் தலையில். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது முதலாளி கூப்பிட்டார். "தம்பி, பில் ஒவ்வொண்ணும் சரியா இருக்கு. ராத்திரி மொத்தம் போட்டா மட்டும் நாலு காசு, ஏழு காசு இடிக்குது. நாலு காசு பெரிசில்ல. ஆனா ஏன் இடிக்குது?"

இரண்டு நாள் தப்பான இடத்தில் தோண்டினேன். முதலில் ஜிஎஸ்டி மேல் சந்தேகம். 2024 ஜனவரியில் வரி 8 விழுக்காட்டிலிருந்து 9 ஆனபோது நிரலில் அந்த விகிதத்தைத் திருத்தியது நான்தான், அதனால் உள்ளூர ஒரு பயம் வேறு. அப்புறம் ரொக்கத் தொகையை 5 காசுக்கு முழுமையாக்கும் பகுதி. இங்கே 2002 முதல் ஒரு காசு நாணயம் வெளியிடப்படுவதில்லை என்பதால் கடைகள் பலவற்றில் அந்த வழக்கம் உண்டு. சின்னப் பிழைகள் ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. அதுவும் சுத்தம். கடைசியில் கல்லாவில் இருந்த பெண் சொன்னதுதான் துப்பாக அமைந்தது: "அண்ணே, மூணாவது கவுன்டர்ல இடிக்கவே இல்லையே."

மூன்றாவது கவுன்டரில் மட்டும் வாடிக்கையாளர் பக்கம் திரும்பிய விளம்பரத் திரை இல்லை. மற்ற இரண்டிலும் பில்லிங் நிரலே அந்தத் திரையைத் திறந்து, வளையலும் ஆரமும் சுழலும் வீடியோவை விண்டோஸின் கிராஃபிக்ஸ் லைப்ரரியான டைரக்ட்3டி 9 வழியாகக் காட்டிக்கொண்டிருந்தது. வீடியோ தொடங்கிய நொடியிலிருந்து அதே நிரலின் கூட்டல் கரடுமுரடாகிவிட்டது.

அதற்குப் பிறகு இந்த ஜாதிக் கோளாறுகளை வேறு இடங்களிலும் பார்த்துவிட்டேன். எந்த அறிகுறிக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று எழுதி வைக்கிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

இன்டெல் வகை சிபியுவில் மிதவைப் புள்ளிக் கணக்குக்கு, அதாவது பின்னம் வரும் எண்களின் கணக்குக்கு, இரண்டு பகுதிகள் உண்டு. பழையது எக்ஸ்87, 1980-இல் வந்த 8087 சிப்பின் வாரிசு. புதியது எஸ்எஸ்இ2, பென்டியம் 4-உடன் வந்தது. எஸ்எஸ்இ2-வில் ஒவ்வொரு கட்டளையும் தான் ஃப்ளோட்டா (துல்லியம் குறைந்த எண் வகை) டபுளா (துல்லியம் கூடிய வகை) என்பதைத் தானே சொல்லிவிடும். எக்ஸ்87 அப்படி இல்லை. எத்தனை பிட் துல்லியம் என்பது கட்டளையில் இருக்காது, கட்டுப்பாட்டுச் சொல் என்ற 16-பிட் பதிவேட்டில் இருக்கும். அதில் இரண்டு பிட்கள் துல்லியத்துக்கு: 24, 53, 64 என மூன்று நிலைகள். 53 என்றால் டபுள், 24 என்றால் ஃப்ளோட்.

விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கம்பைலரோடு கட்டிய 32-பிட் நிரல் 53-இல் தொடங்கும். லினக்ஸ் 64-இல் தொடங்கும். டைரக்ட்3டி 9-உம் அதற்கு முந்தைய பதிப்புகளும், வேண்டாம் என்று நீங்கள் சொல்லாவிட்டால், திரையில் வரைவதற்கான டிவைஸை உருவாக்கும்போது அதை 24-க்கு இறக்கிவிடும். இது ஒளிவுமறைவான பிழை கிடையாது, ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. காரணமும் அந்தக் காலத்துக்கு நியாயமானதே. பென்டியத்தில் ஒரு வகுத்தலுக்கு 24 பிட்டில் 19 சுழற்சி, 53 பிட்டில் 33, 64 பிட்டில் 39. நொடிக்கு லட்சக்கணக்கான முக்கோணங்களை வகுத்துத் தள்ளும் லைப்ரரிக்கு 33-இலிருந்து 19 என்பது பெரிய லாபம். பக்கத்தில் ஒரு நகைக்கடை கூட்டல் போட்டுக்கொண்டிருக்கும் என்று அவர்கள் ஏன் நினைக்கப் போகிறார்கள்?

குன்றிமணியை எடுத்துவிட்டுப் படிக்கல்லை வைத்துத் தங்கம் நிறுக்கச் சொன்ன கதைதான். தராசு அதே தராசு. மாறியது சின்ன எடை.

இரண்டு விவரங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். ஒன்று, இந்தக் கட்டுப்பாட்டுச் சொல் ஒவ்வொரு திரெட்டுக்கும், அதாவது நிரலுக்குள் இணையாக ஓடும் ஒவ்வோர் இழைக்கும், தனி. ஒரு திரெட்டில் மாற்றினால் மற்றதில் மாறாது. இரண்டு, துல்லிய பிட்கள் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகிய ஐந்தின் விடையை மட்டுமே சுருக்கும். ஒரு டபுளை நினைவகத்திலிருந்து எடுத்து அப்படியே திருப்பி வைத்தால் ஒன்றும் குறையாது. அதனால்தான் "மாறியில் இருக்கும் எண் சரியாக இருக்கிறதே, ஒன்றைக் கூட்டினால் மட்டும் கெடுகிறதே" என்று தலையைப் பிய்த்துக்கொள்ள நேரிடும்.

முதலில் ஒரு நிமிடச் சோதனை

டபுள் வகையில் இரண்டு மாறிகள். ஒன்றில் 16777216, மற்றதில் 1. இரண்டையும் கூட்டுங்கள். விடை 16777217 என்றால் துல்லியம் நலம். 16777216 என்றே வந்தால் யாரோ 24-க்கு இறக்கிவிட்டார்கள். 16777216 என்பது 2-இன் 24-ஆம் அடுக்கு. 24 பிட்டுக்குள் அதற்கு அடுத்த ஒற்றைப்படை எண்ணுக்கு இடமில்லை.

மாறிகளை வாலடைல் என்று அறிவிப்பது கட்டாயம். இல்லாவிட்டால் கம்பைலர் தானே கூட்டி விடையைப் பதித்துவிடும். உங்கள் சோதனை, வாடிக்கையாளர் கணினியில் ஓடும்போதும், உங்கள் மேசையில் போட்ட கணக்கையே காட்டிக்கொண்டிருக்கும். நான் முதல்முறை இதில்தான் ஏமாந்தேன்.

இந்தச் சோதனையை நிரல் தொடங்கியதும் ஒருமுறை, ஜன்னல் திறப்பதற்கு முன் ஒருமுறை, திறந்த பின் ஒருமுறை என்று லாகில் எழுதுங்கள். எந்தத் திரெட்டில் கணக்கு ஓடுகிறதோ அதே திரெட்டில் ஓட வேண்டும். இரண்டாவது நலம், மூன்றாவது கெட்டது என்றால் குற்றவாளி நடுவில் இருக்கிறார்.

டீபக்கர் கையில் இருந்தால் இன்னும் சுலபம். விஷுவல் ஸ்டுடியோவின் ரிஜிஸ்டர் ஜன்னலில் மிதவைப் புள்ளிப் பகுதியைக் காட்டச் சொல்லுங்கள். கட்டுப்பாட்டுச் சொல் நான்கிலக்கப் பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்ணாகத் தெரியும். இடமிருந்து இரண்டாவது இலக்கத்தைப் பாருங்கள். 2 என்றால் 53 பிட், 0 என்றால் 24, 3 என்றால் 64. பதின்ம எண்ணாக லாகில் எழுதியிருந்தால் 639 நலம், 127 கெட்டது, 895 லினக்ஸ் பாணி.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் கண்ட்ரோல்-எஃப்பி வகைச் செயற்கூறுகள் திருப்பித் தருவது சிப்பில் இருக்கும் எண்ணை அல்ல, தங்களுடைய குறியீட்டை. அதில் துல்லியப் பகுதி 0 என்றால் 64 பிட், 65536 என்றால் 53, 131072 என்றால் 24. இதைப் போய் 639-உடன் ஒப்பிட்டுவிட்டு "ஒன்றுமே பொருந்தவில்லையே" என்று உட்கார்ந்திருந்த ஒரு நாள் மாலை எனக்கு உண்டு.

அறிகுறி: ஒவ்வொரு வரியும் சரி, மொத்தம் மட்டும் தப்பு

நகைக்கடைக் கேஸ். 3,000, 4,000 வெள்ளி பில்லுக்கு 24 பிட் தாராளமாகப் போதும். காசில் நூறில் ஒரு பங்கு அளவுதான் பிசகும், அச்சிடும்போது அது மறைந்துவிடும். மொத்தம் ஏற ஏற இடைவெளி பெரிதாகும். 65,536 வெள்ளியைத் தாண்டினால் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவில் கிட்டத்தட்ட 0.8 காசு. 131,072-ஐத் தாண்டினால் 1.56 காசு. அதாவது ஒரு காசைச் சரியாகக் குறிக்கவே வழியில்லை. பில்லுக்குப் பில் இந்தச் சில்லறைப் பிசகு சேர்ந்துகொண்டே போகும். சாதாரண நாளில் கணக்கு ஒத்துப்போகும், பண்டிகை வாரத்தில் இடிக்கும். முதலாளி தீபாவளிக்கு முன்னால் கூப்பிட்டதற்கு அதுதான் காரணம். விளம்பரத் திரை வைத்தது ஜூன் மாதத்திலேயே.

உறுதிப்படுத்த: அன்றைய பில்களை எல்லாம் எடுத்து, கிராஃபிக்ஸ் எதுவும் திறக்காத ஒரு சின்ன நிரலில் கூட்டுங்கள். அங்கே ஒத்துப்போய், இங்கே இடித்தால் மேலே சொன்ன சோதனைக்குப் போங்கள்.

அறிகுறி: நேரம் தாவுகிறது

இது எனக்குப் பிடித்த அறிகுறி. எண்ணைப் பார்த்தாலே நோயைச் சொல்லிவிடலாம்.

விண்டோஸின் பழைய தேதி முறையில் 1899 டிசம்பர் 30-இலிருந்து கடந்த நாட்கள் ஒரு டபுளாக இருக்கும். பின்னம் என்பது நேரம். இப்போதைய தேதிகள் 45,000-க்கு மேல். 24 பிட்டில் அந்த வட்டாரத்தில் இடைவெளி ஒரு நாளின் 256-இல் ஒரு பங்கு. கணக்குப் போட்டால் 5 நிமிடம் 37.5 நொடி. ஆகவே உங்கள் பதிவுகளில் நேரம் அசையாமல் நின்று, பிறகு ஐந்தரை நிமிடத்துக்குச் சற்று மேல் ஒரே தாவாகத் தாவினால், கடிகாரத்தைத் திட்டாதீர்கள்.

யுனிக்ஸ் நேரம், அதாவது 1970-இலிருந்து நொடிகள், டபுளில் இருந்தால் தாவல் 128 நொடி. லாகில் 128, 256, 384 என்ற வித்தியாசங்களைக் கண்டால் வேறு சோதனையே வேண்டாம்.

அறிகுறி: காலையில் வழவழப்பு, மறுநாள் திக்கல்

மால்களில் நிற்கும் வழிகாட்டித் திரைகள், உணவங்காடி நிலையத்தின் மெனு பலகைகள், இவற்றை யாரும் இரவில் அணைப்பதில்லை. நிரல் தொடங்கியதிலிருந்து எத்தனை நொடி என்பதை டபுளில் வைத்து, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் முந்தைய நேரத்தைக் கழித்து அசைவைக் கணக்கிடுவார்கள். சரியான வழிதான், டபுளில் பல வருடம் ஓடும். 24 பிட்டுக்கு இறங்கிவிட்டால் ஒரு முழு நாள் கழித்து இடைவெளி 7.8 மில்லிநொடி. 36 மணி நேரம் தாண்டியதும் 15.6. மூன்று நாள் தாண்டியதும் 31. ஒரு ஃபிரேமே 16.7 மில்லிநொடிதானே, ஆகவே பாதி ஃபிரேம்களில் நேரம் நகராது, மீதிப் பாதியில் இரட்டிப்பாக நகரும். மறுபடி தொடக்கினால் சரியாகிவிடும். அதனால் "தினமும் விடியற்காலை ரீஸ்டார்ட்" என்று ஒரு வைத்தியம் எழுதி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பல இடங்களில் அந்த வைத்தியம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதன் தம்பிதான் முடிவே இல்லாத லூப். ஒரு மாறியோடு 0.01 கூட்டிக்கொண்டே போய் ஓர் எல்லையைத் தாண்டும்வரை சுற்று என்று எழுதியிருப்போம். மாறி 262,144-ஐ எட்டியதும் 24 பிட்டில் 0.01-ஐக் கூட்டினாலும் அது அசையாது. நிரல் உறைந்துவிட்டது என்று புகார் வரும். சிபியு மட்டும் சூடாக ஓடிக்கொண்டிருக்கும். எண்முறைத் தீர்வுகளில் பிழை எல்லை 0.0000000001 என்று வைத்து அதை எட்டும்வரை சுற்றும் பகுதிகளும் இதே வகை. 24 பிட்டில் சார்புத் துல்லியம் 10 மில்லியனில் ஒரு பங்கு அளவோடு நின்றுவிடும், எவ்வளவு சுற்றினாலும் எல்லை வராது.

அறிகுறி: ஸ்கிரிப்டில் எந்த எண்ணைக் கொடுத்தாலும் 0 ஆகிறது

லுவா 5.1 என்ற ஸ்கிரிப்ட் மொழியை உள்ளே வைத்த விளையாட்டுகளில் பார்க்கலாம். டபுளை முழு எண்ணாக்க அதில் ஒரு குறுக்கு வழி உண்டு: 6755399441055744 என்ற பெரிய எண்ணைக் கூட்டி, விடையின் அடிப் பிட்களை அப்படியே முழு எண்ணாக வாசிப்பது. 53 பிட்டில் அழகான தந்திரம். 24 பிட்டிலோ அந்த உயரத்தில் இடைவெளி 536,870,912. நீங்கள் கூட்டிய 7-உம் 12-உம் மொத்தமாகக் கரைந்து, அடிப் பிட்களில் வெறும் பூச்சியம் மிஞ்சும். வரிசை எண்கள் எல்லாம் 0 ஆகிவிடும். மைக்ரோசாஃப்ட் அல்லாத கம்பைலரில், எஸ்எஸ்இ2 இல்லாமல் கட்டினால்தான் இந்த வழி இயங்கும். இந்தத் தந்திரம் சில நேரம் டைரக்ட்எக்ஸின் ஒரு விசித்திரத்தோடு மோதும் என்று லுவாவின் அமைப்புக் கோப்பிலேயே குறிப்பும் இருக்கிறது. யாரும் படிப்பதில்லை, நான் உட்பட.

அறிகுறி: கணக்கு கெடவில்லை, நிரலே விழுகிறது

மேலே சொன்னதெல்லாம் லைப்ரரி உங்கள் அமைப்பை மாற்றும் கதை. இது தலைகீழ்: உங்கள் அமைப்பு லைப்ரரியைக் கவிழ்க்கிறது. டெல்ஃபி மொழியில் எழுதிய நிரலில், இன்னொரு கிராஃபிக்ஸ் லைப்ரரியான ஓப்பன்ஜிஎல்லின் ஜன்னலைத் திறந்ததும் "தவறான மிதவைப் புள்ளிச் செயல்" என்ற பிழையோடு விழுந்தால் அதுதான்.

கட்டுப்பாட்டுச் சொல்லில் துல்லியம் மட்டும் இல்லை. பூச்சியத்தால் வகுத்தால் கத்த வேண்டுமா, பேசாமல் முடிவிலியைத் தந்துவிட்டுப் போக வேண்டுமா என்ற முகமூடி பிட்களும் அங்கேதான். மைக்ரோசாஃப்ட் கம்பைலர் உலகில் எல்லாம் மூடியிருக்கும். டெல்ஃபி, நிரலாளருக்கு நல்லது என்று, முக்கியமான சிலவற்றைத் திறந்தே வைக்கும். கிராஃபிக்ஸ் டிரைவர்கள் உள்ளே தாராளமாகப் பூச்சியத்தால் வகுப்பார்கள், முடிவிலி வந்தால் அதையும் வைத்துச் சமாளிப்பார்கள். முகமூடி திறந்திருந்தால் டிரைவரின் நடுவில் வெடிக்கும். பழி உங்கள் நிரலுக்கு. ஓப்பன்ஜிஎல்லைத் தொடங்கும் முன் எல்லா விதிவிலக்குகளையும் மூடுங்கள், உங்கள் கணக்குப் பகுதிக்கு வேண்டுமானால் மட்டும் திறந்து, முடிந்ததும் திரும்ப மூடிவிடுங்கள்.

அறிகுறி: 64-பிட் நிரல், மிகச் சிறிய எண்கள் பூச்சியமாகின்றன

64-பிட்டுக்கு மாறியவர்கள் "எங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை" என்பார்கள். துல்லியம் பற்றி அது உண்மை. 64-பிட் கம்பைலர்கள் வழக்கமாக எஸ்எஸ்இ2-வையே பயன்படுத்தும், அங்கே 24-க்கு இறக்கும் திருகு கிடையாது. ஆனால் அதற்கும் ஒரு கட்டுப்பாட்டுப் பதிவேடு உண்டு. அதில் இரண்டு பிட்களை ஏற்றிவிட்டால் சாதாரண எல்லைக்குக் கீழே போகும் எண்கள், டபுளில் 2.2-ஐ 10-இன் 308-ஆம் அடுக்கால் வகுத்ததற்கும் கீழே, விடையாக வந்தாலும் உள்ளீடாக வந்தாலும் பூச்சியமாக எடுத்துக்கொள்ளப்படும். தொடக்க மதிப்பு 8064. இரண்டு பிட்டும் ஏறியிருந்தால் 40896.

ஏற்றுவது யார்? ஒலி, பட லைப்ரரிகள் வேகத்துக்காகத் தெரிந்தே செய்வது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் தெரியாமல் நடப்பது: ஜிசிசி கம்பைலரில் ஃபாஸ்ட்-மேத் விருப்பத்தோடு ஒரு பகிர்வு லைப்ரரியைக் கட்டினால், அதை ஏற்றிய கணமே இந்த பிட்களை மாற்றும் தொடக்க நிரல்துண்டு அதனுள் சேர்ந்துவிடும். அந்த லைப்ரரியின் எந்தச் செயற்கூற்றையும் நீங்கள் அழைக்கவே வேண்டாம், இறக்குமதி செய்தாலே போதும். ஜிசிசி 13-இல்தான் இதை நிறுத்தினார்கள். பைதானின் எண்கணித லைப்ரரியான நம்பையைப் பயன்படுத்துவோருக்கு ஒரு வசதி: மிகச் சிறிய எண் பூச்சியமாக இருக்கிறது என்று அதுவே எச்சரிக்கை தரும். அந்த எச்சரிக்கையை வாய்மூட வைக்காமல், எந்த இறக்குமதிக்குப் பிறகு வருகிறது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள்.

அறிகுறி: வரைபடத்தை நெருங்கினால் கட்டடங்கள் நடுங்குகின்றன

இதில் யாரும் உங்கள் திருகைத் தொடவில்லை. ஆனாலும் இங்கேயும் மாட்டுவது ஃப்ளோட்தான். இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டர் முறையில் சிங்கப்பூரின் கிழக்குத் தொலைவு ஏறக்குறைய 11.5 மில்லியன் மீட்டர். அந்த உயரத்தில் ஃப்ளோட்டின் இடைவெளி சரியாக ஒரு மீட்டர். உங்கள் நிரல் டபுளில் மில்லிமீட்டர் வரை வைத்திருந்தாலும், கிராஃபிக்ஸ் சிப்பான ஜிபியுவுக்கு அனுப்பும் கணத்தில் ஃப்ளோட்டாகச் சுருங்கி, புளோக்கின் சுவர் அரை மீட்டர் வரை இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம் போய் நிற்கும். கேமரா நகர நகர நடுங்கும்.

இங்குள்ள எஸ்விஒய்21 ஆயத்தொலைவு முறையில் பாதிக்கு மேல் பிரச்சினை தானாகத் தீரும். தீவின் நடுப்பகுதியையே மூலமாக வைத்து, எண்கள் எதிர்மறையாகாமல் இருக்கக் கிழக்குக்கு 28001.642, வடக்குக்கு 38744.572 கூட்டுகிறார்கள். எண்கள் சில பத்தாயிரங்களுக்குள் அடங்குவதால் ஃப்ளோட்டில்கூட இடைவெளி 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். உலக வரைபடம்தான் வேண்டும் என்றால், கேமராவின் இடத்தை டபுளில் கழித்துவிட்டு, மிஞ்சும் சிறிய வித்தியாசத்தை மட்டும் ஜிபியுவுக்கு அனுப்புங்கள்.

அறிகுறி: 0.1-உம் 0.2-உம் கூட்டினால் 0.3 வரவில்லை

இதற்குக் கிராஃபிக்ஸ் லைப்ரரியைப் பிடித்து உலுக்காதீர்கள். 0.30000000000000004 என்பது டபுளின் சரியான விடை.

சரி, எப்படிச் சரிசெய்வது

டிவைஸை உருவாக்கும் வரி உங்கள் கையில் இருந்தால் வேலை ஒரு நிமிடம். டைரக்ட்3டி 9-இல் எஃப்பியு-பிரிசர்வ் என்ற ஃபிளாக் இருக்கிறது, மதிப்பு 2. மற்ற ஃபிளாக்குகளோடு அதையும் சேர்த்தால் உங்கள் அமைப்பை அது தொடாது. பழைய டைரக்ட்டிராவில் ஒத்துழைப்பு நிலை அமைக்கும் இடத்தில் இதே பெயரில் ஒன்று உண்டு. வேகம் குறையும் என்று ஆவணம் பயமுறுத்தும். இன்றைய கணினியில் அதைப் பற்றிக் கவலைப்படும் அவசியம் எனக்கு ஒருமுறைகூட வரவில்லை. ஒரே நிபந்தனை, விதிவிலக்கு முகமூடிகளைத் திறந்து வைக்காதீர்கள். அவை மூடியிருக்கின்றன என்று நம்பியே டைரக்ட்3டியின் சில பகுதிகள் எழுதப்பட்டுள்ளன. டைரக்ட்3டி 10-உம் அதற்குப் பிறகு வந்தவையும் துல்லியத்தைத் தொடுவதில்லை.

டிவைஸ் வேறொருவரின் டிஎல்எல்லுக்குள் (கம்பைல் செய்து தரப்படும் விண்டோஸ் லைப்ரரிக் கோப்பு) இருந்தால்தான் தலைவலி. நகைக்கடையில் எனக்கு நேர்ந்தது அதுதான். வீடியோ பாகத்தின் மூலநிரல் யாரிடமும் இல்லை. இரண்டு வழிகள். ஒன்று, அந்த டிஎல்எல்லை அழைக்கும் ஒவ்வோர் இடத்திலும் முன்பு கட்டுப்பாட்டுச் சொல்லைக் குறித்துக்கொண்டு, திரும்பியதும் பழையபடி வைப்பது. இதற்கென்று ஒரு சின்ன கிளாஸ் எழுதி, கட்டமைக்கும்போது குறித்து, அழியும்போது திருப்பி வைத்தால் நடுவில் விதிவிலக்கு வந்தாலும் தப்பாது. இரண்டு, விளம்பரத் திரையைத் தனித் திரெட்டுக்குத் தள்ளிவிடுவது. கட்டுப்பாட்டுச் சொல் திரெட்டுக்குத் தனி என்பதால் அங்கே அது என்ன செய்தாலும் கல்லாவுக்கு வராது. நான் இரண்டாவதைத்தான் செய்தேன். முதல் வழியில் ஓர் அழைப்பை மறந்தால் போச்சு.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: கணக்குப் போடும் ஒவ்வொரு செயற்கூற்றின் தலையிலும் "53-க்கு வை" என்று ஒட்டுப் போடுவது. வேலை செய்யும். அடுத்த வருடம் புதிதாக ஒரு செயற்கூறு எழுதுபவருக்கு அது தெரியாது.

32-பிட்டிலேயே இருந்தாக வேண்டும் என்றால் எஸ்எஸ்இ2-வுக்குக் கம்பைல் செய்யுங்கள். விஷுவல் ஸ்டுடியோ 2012-இலிருந்து அதுவே இயல்புநிலை. பழைய புராஜெக்ட் கோப்புகளில் வேறாக இருக்கலாம், பார்த்துவிடுங்கள். ஆனால் நீங்கள் அழைக்கும் பழைய டிஎல்எல்கள் எக்ஸ்87-லேயேதான் ஓடும். டாட்நெட் ஃபிரேம்வொர்க்கின் 32-பிட் நிரல்களும் எக்ஸ்87-ஐயே பயன்படுத்துகின்றன, சி ஷார்ப் என்பதால் தப்பித்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். 64-பிட்டில் துல்லியத்தை மாற்றக் கண்ட்ரோல்-எஃப்பியை அழைத்தால் அது ஏற்காது. மாற்றிக் கட்டும்போது அந்த வரிகளை நீக்க மறக்காதீர்கள்.

அப்புறம் காசு. பணத்தை டபுளில் வைத்ததே தப்பு என்று கடையில் சொன்னேன். முதலாளி, "அதை எழுதினவன்கிட்ட சொல்லு" என்றார். தீபாவளி முடிந்ததும் தொகை எல்லாவற்றையும் முழு எண்ணில் காசாகவும், எடையை மில்லிகிராமாகவும் மாற்றினேன். முழு எண் கூட்டல் எக்ஸ்87 பக்கமே போகாது.

16777216 சோதனையை மட்டும் நிரலில் விட்டுவைத்தேன், மணிக்கு ஒருமுறை, கெட்டால் மட்டும் லாகில் ஒரு வரி. நாலு மாதம் ஒன்றும் வரவில்லை. மார்ச்சில் ஒரு சனிக்கிழமை வந்தது. விளம்பரத் திரை கிடையாது, அது தனித் திரெட்டில் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. அன்று காலை கடையில் புதிதாக ஒரு பிரிண்டர் வைத்திருந்தார்கள். அதன் டிரைவர், அச்சு ஜன்னலைத் திறந்ததும் என் நிரலுக்குள் ஏறி, அதே திருகைத் தொட்டிருந்தது.